அம்மா கதவுக்கு தாப்பா போட விடல, இப்ப ரூம காலி பண்ண சொல்றாங்க

தாராவியிலேருந்து எழுதியிருக்கற சகோதரிக்கு,

உங்க லெட்டர் நாலு பக்கம், ரெண்டு தடவை படிச்சேன். பேரு, சந்து, அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டு மத்தவங்களுக்கும் புரியணும்னு விஷயத்த மட்டும் முதல்ல சொல்லிடறேன். 1999 மே லீவுல உங்க தம்பி காணாம போனான், அவனுக்கு 7 வயசு, உங்களுக்கு 10. சக்கியில கோதுமை அரைக்க குடுத்த டப்பாவ வாங்கிட்டு வர கெளம்பினவன் வீடு திரும்பல, சாயங்காலம் அப்பா போய் பார்த்தப்ப அரைச்ச மாவோட டப்பா சக்கியிலயே இருந்துச்சு, பையன் அங்க வரவே இல்லன்னு சொல்லிட்டாங்க. ஸ்டேஷன்ல டைரியில எழுதிக்கிட்டதோட சரி. அப்பா பல வருஷம் லீவு போட்டு லீவு போட்டு தேடினாரு, 2017ல தவறிட்டாரு. இப்ப ரீடெவலப்மென்ட் சர்வே, ரூம் இன்னும் அப்பா பேர்ல இருக்கு, அம்மா எந்த பேப்பர்லயும் கையெழுத்து போட மாட்டேங்கறாங்க. "அவன் வந்தா இந்த வாசலுக்குத்தான் வருவான்"னு ஒரே பேச்சு. இத்தனை வருஷமா ராத்திரி தாப்பா போட விட்டதில்ல. ஊர்லேருந்து சித்தப்பா போன் பண்ணி, 12 வருஷம் தாண்டியாச்சு, கருமாதி பண்ணிடுங்க, இல்லன்னா குடும்பத்துக்கு ஆகாதுங்கறாரு. நீங்க கேட்டிருக்கறது இது: "அம்மாவ எப்படியாவது ஏத்துக்க வைக்கணும், அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஏத்துக்க வைக்க வேண்டாம்மா. முதல்ல இத சொல்லிடறேன், மீதிய அப்புறம் பேசலாம்.

எத ஏத்துக்கறது சொல்லுங்க? அவன் இல்லைன்னா? அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. தெரியாத ஒண்ண தெரிஞ்ச மாதிரி ஒரு தாய ஒத்துக்க சொல்றது கொடுமை. ஒருத்தர் செத்துட்டா ஒடம்பு இருக்கு, நாலு பேர் வந்து அழறாங்க, பதினாறாம் நாள் காரியம் முடியுது, அதுக்கப்புறம் துக்கம் மெதுவா ஒரு எடத்துல போய் உக்காரும். காணாம போனா அது எதுவுமே கிடையாது, துக்கப்படவும் முடியாது, நம்பிக்கைய விடவும் முடியாது. பாலின் பாஸ்னு அமெரிக்காவுல ஒரு அம்மா, குடும்ப சிகிச்சை நிபுணர், 1970கள்ல வியட்நாம் போர்ல காணாம போன சிப்பாய்களோட குடும்பங்கள பார்த்துத்தான் இதுக்குன்னு தனியா ஒரு பேர் வச்சாங்க, தமிழ்ல சொல்லணும்னா முடிவு தெரியாத இழப்பு. 2001ல நியூயார்க் கோபுரங்கள் இடிஞ்சப்பவும் ஒடம்பு கிடைக்காத குடும்பங்களோட வேலை பார்த்தவங்க அவங்க. அவங்க சொல்றதோட சாரம், இந்த மாதிரி வீட்டுல இருக்கறவங்களுக்கு கோளாறு எதுவும் இல்ல, அவங்க மாட்டிக்கிட்டு நிக்கற நிலைமைதான் கோளாறு. "ஒருவேளை இருப்பான், ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம்" இந்த ரெண்டையும் சேர்த்து மனசுல வச்சுக்கிட்டே சமைக்கலாம், கல்யாணம் பண்ணலாம், வீடும் மாறலாம். ஒண்ண தேர்ந்தெடுத்தாத்தான் வாழ முடியும்னு சொல்றவங்க சுத்தி இருக்கறவங்கதான்.

நானும் அப்படி சொன்னவதான். இந்த வேலைக்கு வந்த புதுசுல கோலிவாடாவிலேருந்து ஒரு அப்பா வருவாரு, பொண்ணு காணாம போய் பத்து வருஷம் ஆகியிருந்துச்சு, நாலாவது தடவை வந்தப்ப "இனிமே விட்ருங்க ஐயா"ன்னு சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் பேசல, பையில வச்சிருந்த போட்டோவ எடுத்து துடைச்சு திருப்பி வச்சுக்கிட்டு போனாரு, அப்புறம் வரவே இல்ல. எங்கயாவது ஒரு எடத்துல உக்காந்து அவ பேர சொல்லலாம்னுதான் அவரு வந்துக்கிட்டு இருந்தாரு. அது எனக்கு புரிய ரொம்ப நாளாச்சு.

சரி, உங்க அம்மா. மூணாம் பக்கத்துல போற போக்குல ஒரு விஷயம் எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமா பட்டுச்சு. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா அவனுக்கு ஒரு சட்டை எடுக்கறாங்க, எல்லாம் தகர ட்ரங்குல இருக்கு, "பைத்தியம் மாதிரி சைஸ் வேற மாத்தி மாத்தி எடுக்கறாங்க"ன்னு எழுதியிருக்கீங்க. முதல் வருஷம் 26, அப்புறம் 28, 30ன்னு போயி, ஒரு தீபாவளியோட 40ல நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் எல்லாம் 40தான்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. இத கொஞ்சம் நிதானமா யோசிச்சு பாருங்கம்மா. காலம் நின்னு போன மனசு இப்படி செய்யாது. அம்மாவுக்கு அவன் இன்னும் ஏழு வயசு பையன் இல்ல. அவன் வளர்ந்தது, தோள் அகலமானது, ஒரு வயசுக்கு மேல வளர்த்தி நின்னது எல்லாத்தையும் அவங்க கணக்கு போட்டு வச்சிருக்காங்க, இன்னிக்கு 33 வயசு ஆம்பளைக்குத்தான் சட்டை எடுக்கறாங்க. அவங்க நிஜத்த பார்க்க மாட்டேங்கறாங்கன்னு நீங்க நினைக்கறீங்க, எனக்கு அப்படி தோணல.

அப்போ வாசல் மேல ஏன் இவ்வளவு பிடிவாதம்? அதுக்கும் பதில் உங்க லெட்டர்லயே இருக்கு. அப்பா அடிச்ச நோட்டீஸ்ல போட்டிருந்தது பக்கத்து எஸ்டிடி பூத் நம்பர். பூத் மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு. உங்க வீட்டுல அப்ப போன் கிடையாது, அவனுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர்னு ஒண்ணும் இல்ல, ஆதார்னு ஒண்ணு வர்றதுக்கு பத்து வருஷம் முன்னாடி போனவன், கைரேகை எங்கயும் கிடையாது. அவனுக்கும் வீட்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்கற ஒரே நூல் அந்த வாசல்தான். அத விட்டுட்டு வான்னா எந்த அம்மா வருவாங்க? நான்னாலும் வரமாட்டேன். ஆனா இன்னும் ரெண்டு மூணு நூல் கட்டிட்டு அப்புறம் கூப்பிட்டா பேச்சே வேற.

கண்ட்வா பையன் கதைய அம்மா டிவியில பார்த்துட்டு அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. மத்தியப் பிரதேசம் கண்ட்வாவ சேர்ந்த அஞ்சு வயசு சரூ 1986ல பக்கத்து ஊரு புர்ஹான்பூர்ல ரயில்ல ஏறி தூங்கிப்போயி கல்கத்தாவுல முழிச்சு, ஆஸ்திரேலியாவுக்கு தத்துப் போயி, 25 வருஷம் கழிச்சு கம்ப்யூட்டர்ல சாட்டிலைட் மேப்ப பார்த்தே சொந்த ஊர கண்டுபிடிச்சு 2012ல வந்து நின்னாரு. அவங்க அம்மா எடத்த விட்டு போகாததாலதான் கிடைச்சாருன்னு உங்க அம்மா சொல்றாங்க, பாதி நிஜம். அந்த அம்மா அந்த ஏரியாவ விட்டு போகல. ஆனா சரூ தேடி வந்த பழைய வீட்டுல ஆள் இல்ல, காலியா கெடந்துச்சு. அக்கம்பக்கத்துல இருந்தவங்க விசாரிச்சு, அங்கேருந்து கொஞ்ச தூரத்துல இருந்த அம்மாகிட்ட கூட்டிட்டு போனாங்க. வாசல்ல யாருமே இல்ல, ஆனா "அந்த அம்மாவா, இங்கதான் இருக்காங்க வா"ன்னு சொல்ல ஆள் இருந்தாங்க. இத உங்க அம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க.

நம்ம மும்பையிலயே ஒண்ணு நடந்திருக்கு. அந்தேரியில 2013 ஜனவரியில ஏழு வயசு பொண்ணு ஸ்கூலுக்கு போற வழியில காணாம போனா. டி.என். நகர் ஸ்டேஷன்ல ராஜேந்திர போஸ்லேன்னு ஒரு ஏஎஸ்ஐ, அந்த ஸ்டேஷன்ல பதிவான 166 பொண்ணுங்க கேஸ்ல 165 முடிஞ்சு இவ ஒருத்தி மட்டும் பாக்கி, மனுஷன் ரிட்டையர் ஆனப்புறமும் விடாம தேடினாரு. 2022 ஆகஸ்ட்ல கிடைச்சா, அதுவும் வீட்டுலேருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளயே. எப்படி கிடைச்சான்னா, பழைய நோட்டீஸ் ஒண்ணு இன்டர்நெட்ல இருந்துச்சு, அதுல அஞ்சு போன் நம்பர், நாலு வேலை செய்யல, அஞ்சாவது பக்கத்து வீட்டுக்காரரோடது, அது அடிச்சுது. அந்த ஒரு நம்பர். (அவ அப்பா அதுக்கு சில மாசம் முன்னாடிதான் தவறியிருந்தாரு, இத எழுதறப்ப உங்க அப்பா ஞாபகம்தான் வந்துச்சு.) நியூயார்க்ல 1979ல ஆறு வயசு ஈட்டன் பாட்ஸ் காணாம போனான், அவங்க அப்பா அம்மா அதே வீட்டுல அதே போன் நம்பர மாத்தாம பல பத்து வருஷம் இருந்தாங்க. அவன் வரல. அதையும் நான் மறைக்க விரும்பல. இவ்வளவு வருஷம் ஆன கேஸ்ல திரும்பி வர்றவங்க ரொம்ப ரொம்ப கம்மி, உங்க அம்மாவுக்கு அது நம்ம எல்லாரையும் விட நல்லா தெரியும்.

அதனால வீடு மாறறதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணுங்க, அம்மாவ கூட வச்சுக்கிட்டே பண்ணுங்க. ஒரு மொபைல் நம்பர் அவனுக்காகவே எடுங்க, உங்க பேர்ல இருக்கட்டும், ரீசார்ஜ் விடாதீங்க, விட்டா நம்பர் வேற யாருக்காவது போயிடும். அந்த நம்பரோட புதுசா நோட்டீஸ் அடிங்க, பழைய போட்டோவும் அடையாளமும், முக்கியமா வீட்டுல கூப்பிட்ட செல்லப் பேரும் போடுங்க, ஏழு வயசுல போன குழந்தைக்கு முழுப் பேரு மறந்து செல்லப் பேரு மட்டும் ஞாபகம் இருக்கலாம். தமிழ், ஹிந்தி, மராத்தி மூணுலயும் போடுங்க. சக்கி இன்னும் அதே எடத்துல இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அங்க குடுங்க, கோயில் பூசாரிகிட்ட குடுங்க, கம்மிட்டி ஆளுங்ககிட்ட குடுங்க, நோட்டீஸ் இன்டர்நெட்லயும் நிக்கட்டும். சந்தே இடிஞ்சாலும் அந்த ஆளுங்க எங்கயாவது இருப்பாங்க.

அப்புறம் ஸ்டேஷனுக்கு போங்க. 1999ல டைரியில எழுதினதோட விட்டது அப்ப வழக்கம். 2013 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டுச்சு, குழந்தை காணாம போச்சுன்னு வந்தா கட்டாயம் எஃப்ஐஆர் போடணும், கடத்தல் இல்லன்னா ஆட்கடத்தல்னு எடுத்துக்கிட்டு விசாரிக்கணும், நாலு மாசத்துல கிடைக்கலன்னா ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பணும்னு. அதுவரைக்கும் எஃப்ஐஆர் போடாம விட்ட, இன்னும் கிடைக்காத குழந்தைங்க கேஸுக்கும் போடணும்னு அதே உத்தரவு சொல்லுது. அப்பா வச்சிருந்த டைரி நம்பர் சீட்டு ட்ரங்குல இருக்குன்னீங்களே, அத ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு எழுத்துல குடுங்க, வாங்க மாட்டேன்னா டிசிபி ஆபீசுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, ரசீத பத்திரமா வைங்க. புது அட்ரஸும் புது நம்பரும் அந்த ஃபைல்ல ஏறணும், இதுதான் அம்மாவுக்கு நீங்க காட்ட வேண்டிய பேப்பர். அம்மாவோட டிஎன்ஏ பத்தியும் அங்கயே கேளுங்க. நம்ம நாட்டுல இதுக்குன்னு ஒரு பொது டிஎன்ஏ பேங்க் இல்ல, 2019ல கொண்டு வந்த மசோதாவையும் 2023ல வாபஸ் வாங்கிட்டாங்க, ஆனா நாளைக்கு யாராவது "நான்தான்"னு வந்து நின்னா ஒத்துப் பார்க்க அப்பாவும் இல்ல, அம்மாதான் இருக்காங்க.

நிறைய வருவாங்க, அதான் சொல்றேன். உங்க நம்பர் வெளிய போன உடனே "பையன் எங்ககிட்ட இருக்கான், இருபதாயிரம் போடுங்க"ன்னு போன் வரும். அப்பா வெத்தலையில மை போட்டு பார்க்கறவர்கிட்ட போயி "வடக்க தண்ணி இருக்கற ஊர்ல இருக்கான்"னு சொன்னதுக்கு உங்க அம்மாவோட ரெண்டு வளையல் போச்சுன்னு எழுதியிருக்கீங்க, படிக்கறப்ப எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. அதனால போன முதல்ல எடுக்கறது நீங்களா இருங்க, அம்மா வேண்டாம். காசு கேட்டா நேரா போலீஸ். தப்பித்தவறி நிஜம் மாதிரி தெரிஞ்சாலும் டிஎன்ஏ பார்க்கற வரைக்கும் அம்மாகிட்ட சொல்லாதீங்க.

சித்தப்பா விஷயம். 12 வருஷம்ங்கறது சாஸ்திரத்துல சொல்றதுதான், அவரா இட்டுக் கட்டல, அவரு பயத்த நான் குறை சொல்லல. ஆனா கருமாதி யாருக்காக? அம்மாவுக்கு ஆறுதல்னா பண்ணலாம், அம்மாவே ஒரு நாள் கேட்டா பண்ணுங்க. இப்ப பண்ணா அவங்க கையால பிள்ளைய கொன்ன மாதிரித்தான் அவங்களுக்கு இருக்கும். "அம்மா இருக்கற வரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம் சித்தப்பா"ன்னு ஒரே ஒரு தடவை மரியாதையா, கறாரா சொல்லிடுங்க. ஏதாவது செஞ்சே ஆகணும்னா பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போறப்ப சாஸ்தா கோயில்ல அவன் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு அர்ச்சனை பண்ணுங்க, இருக்கறவனுக்கும் பண்றதுதானே அது.

சட்டம் 7 வருஷம்னு சொல்லும். ஏழு வருஷமா ஒருத்தரப் பத்தி, தகவல் தெரிய வேண்டியவங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னா இறந்துட்டதா அனுமானிக்கலாம், பழைய சாட்சியச் சட்டத்துல 108வது பிரிவு, 2024 ஜூலையிலேருந்து வந்த புது சட்டத்துல 111வது பிரிவு. அம்மாவுக்கு புரிய வைக்க வேண்டியது, இது வெறும் அனுமானம்தான், எந்த தேதியில இறந்தான்னு கூட அது சொல்லாது, நாளைக்கு அவன் வந்து நின்னா அந்த அனுமானம் அதோட முடிஞ்சுது. அதோட சர்வே பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பா வாரிசுல அவன் பேரையும் சேர்த்தே எழுதுங்க, "காணவில்லை"ன்னு போட்டு. எப்படி எழுதறதுன்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க, என் படிப்பு அது இல்ல. மகன் பேரு பேப்பர்ல இருக்கறத கண்ணால பார்த்தா அம்மா கை நடுங்காம கையெழுத்து போடுவாங்கன்னு எனக்கு தோணுது.

இனி உங்களப் பத்தி. நாலு பக்கத்துல நீங்க இருக்கறது மொத்தம் ரெண்டு எடத்துல. ஒண்ணு, உங்க பையனுக்கு இப்ப ஏழு வயசு, கீழ கடைக்கு கூட விட முடியல, அவன் அழறான், வீட்டுக்காரர் திட்டறாரு. இன்னொண்ணு கடைசி பக்கத்துல ஓரமா, பேனா மாத்தி எழுதின மாதிரி இருக்கு: "அன்னிக்கு சக்கிக்கு அம்மா என்னைத்தான் போக சொன்னாங்க. நான் டிவி பார்த்துக்கிட்டு இருந்தேன். அவனை அனுப்பினது நான்." அவ்வளவுதான், அடுத்த வரியில "நன்றி, வணக்கம்"னு முடிச்சுட்டீங்க.

இத யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களாம்மா? இல்லன்னுதான் நினைக்கறேன். லீவு நாள்ல தம்பிய கடைக்கு அனுப்பாத அக்கா யாரு இருக்கா, அந்த சந்துல அன்னிக்கு எத்தனை புள்ளைங்க டப்பாவ தூக்கிக்கிட்டு போயிருக்கும். பத்து வயசு குழந்தை தன் வேலைய தம்பி மேல தள்ளினது குத்தம் இல்ல. ஒரு குழந்தைய யாரோ எடுத்துட்டு போனா குத்தம் எடுத்தவனோடது, வழி தவறிப் போனான்னா அது யாரோடதும் இல்ல. இத நான் எழுதறதால உங்க நெஞ்சுல இருந்து எறங்கிடாது, தெரியும். வாரம் ஒரு தடவை யாரோடயாவது உக்காந்து பேசுங்க. டாடா இன்ஸ்டிடியூட்காரங்க நடத்தற ஐகால்ங்கற மனநல ஆலோசனை லைன் இருக்கு, அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ் 14416ல தமிழ்லயே பேசலாம், பைசா கிடையாது. அம்மாவுக்கும் அந்த நம்பர் உதவும்.

பையன மூடி மூடி வைக்காதீங்க. முதல்ல நீங்க ஜன்னல்ல நின்னு பார்க்கற தூரத்துல கடைக்கு விடுங்க, அப்புறம் ஒரு திருப்பம். உங்க நம்பரும் அப்பா நம்பரும் குழந்தைங்க உதவி நம்பர் 1098ம் மனப்பாடமா சொல்லட்டும், அந்த 1098ஏ 1996ல நம்ம மும்பையில ஆரம்பிச்சதுதான். மாமாவப் பத்தி அவனுக்கு சொல்லுங்க, பாட்டி சில நேரம் அவனை வேற பேர்ல கூப்பிடறாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப அவனுக்கு ஏற்கனவே பாதி தெரியும். பாதி தெரியறதுதான் குழந்தைக்கு பயம்.

அம்மாகிட்ட அந்த சக்கி விஷயத்த சொல்லணுமான்னு நீங்க கேட்கல, ஆனா கேட்கற மாதிரித்தான் இருந்துச்சு. என் மனசுல பட்டத சொல்றேன், அவங்களுக்கு தெரியும். யார போக சொன்னோம், யாரு போனான்னு ஒரு அம்மா மறக்க மாட்டாங்க. இத்தனை வருஷமும் உங்கள ஒரு வார்த்தை கேட்காம இருந்திருக்காங்க. அவங்க பங்குக்கு, மாவு நாளைக்கு வாங்கிக்கலாம்னு விட்டிருக்கலாமேன்னு அவங்களும் தினம் நினைச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே 10க்கு 15 ரூம்ல, ஒருத்தருக்கு தெரியக்கூடாதுன்னு இன்னொருத்தர் தூக்கிக்கிட்டு இருக்கீங்க.

அவசரம் இல்ல. டிரான்சிட் ரூம் (புது வீடு கட்டற வரைக்கும் தங்கற ரூம்) சாவி வந்த அன்னிக்கு மத்த சாமானுக்கு முன்னாடி அந்த ட்ரங்க முதல் நடையில நீங்களே கொண்டு போங்க, டெம்போக்காரர் கையில குடுக்காதீங்க. அதுக்கு முந்தின நாள் ராத்திரி அம்மாவோட உக்காந்து சட்டைங்கள ஒவ்வொண்ணா எடுத்து உதறி மடிச்சு வைங்க, எந்த தீபாவளிக்கு எடுத்தது, எந்த கடை, ஏன் இந்த கலர்னு கேளுங்க, அவங்க சொல்லுவாங்க, இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நடுவுல எங்கயாவது உங்களுக்கு வாய் வந்தா சொல்லிடுங்க. வரலன்னா மடிச்சு வச்சுட்டு தூங்குங்க.

எஃப்ஐஆர் காப்பி கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்க.